மூன்று வரி கீழே

எங்கள் வீட்டுக் கணினியின் வயது எங்களுக்குத் தெரியாது. 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டு எல்லோரும் திரைக்கு முன்னால் பாடம் கேட்ட காலத்தில், புத்தளம் நகரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாப்பா அதை வாங்கினார். முச்சக்கர வண்டியில் மடியில் வைத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். உம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் பாதி இடம் அதற்குக் கிடைத்தது. அன்றிலிருந்து நான் படிப்பதும் உம்மா தைப்பதும் ஒரே மின்விளக்கின் கீழ்தான்.

அப்போது நான் 9ஆம் தரம். பாடம் கேட்க அந்தக் கணினி போதுமாக இருந்தது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. பைத்தனில் நிரல் எழுதும் மென்பொருளையும் தரவுத்தள மென்பொருளையும் ஒன்றாகத் திறந்தால் சுட்டி அசையாது. கூடவே இணையப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டால், உம்மா ஒரு சட்டைக்குக் கை பொருத்தி முடித்த பிறகும் அது திறந்திருக்காது.

எங்கள் ஆசிரியையிடம் சொன்னேன். "எவ்வளவு நினைவகம் இருக்கிறது?" என்று கேட்டார். மறுநாள் பார்த்து வந்து 2 கிகாபைட் என்றேன். "அதுதான் காரணம். இன்னொரு 4 வாங்கிப் போட்டால் உங்கள் படிப்பு முடியும் வரை தாக்குப்பிடிக்கும்" என்றார்.

வீட்டில் இதை விளக்க எனக்குத் தையல் மேசைதான் கைகொடுத்தது. துணி எல்லாம் அலுமாரியில்தான் இருக்கும். ஆனால் வெட்டுவதற்கு மேசையில் விரிக்க வேண்டும். கணினியின் வன்தட்டு அலுமாரி, ரேம் எனப்படும் நினைவகம் மேசை. மேசை சிறிதென்றால் ஒரு துணியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கலாம். கணினியும் அப்படித்தான் வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையில் ஓடி ஓடிக் களைத்துப்போகிறது. உம்மா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப பெரிய மேசை வாங்கத்தானே வேணும்" என்றார்.

அடுத்த கிழமை லாச்சியிலிருந்து 4,500 ரூபாவை எடுத்துத் தந்தார். பெருநாளுக்குத் தைத்துக் கொடுத்த உடுப்புகளின் கூலி அது. அந்தக் காசுக்காக அவர் எத்தனை இரவுகள் விழித்திருந்தார் என்பது பக்கத்திலேயே இருந்து படித்த எனக்குத் தெரியும்.

வாப்பாவும் நானும் நகரில் ஒரு சிறிய கணினிக் கடைக்குப் போனோம். கடையில் இருந்த இளைஞர், பாவித்த 4 கிகாபைட் நினைவகம் ஒன்றை எடுத்து, எங்கள் கணினியின் தாய்ப்பலகைக்குப் பொருந்துமா என்று பெயரைக் கேட்டு உறுதிசெய்து, பஞ்சுப் பையில் வைத்துத் தந்தார். விரல் நீளத்தைவிடச் சற்று அதிகம், பச்சை நிறப் பலகை, அடியில் பொன்னிறப் பற்கள். நான் வீட்டில் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த துளையில் இரு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தினேன். கணினியை இயக்கி, அதன் விபரங்கள் காட்டும் பக்கத்துக்குப் போனேன்.

நினைவகம் 6.00 ஜி.பி. என்று இருந்தது. என் மனம் துள்ளியது. அதன் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பயன்படுத்தக்கூடியது 3.21 ஜி.பி. என்று இருந்தது.

"எவ்வளவு காட்டுது மகள்?" என்று வாப்பா கேட்டார். சொன்னேன். "ஆறுல மூணு எண்டா பாதிதானே" என்றார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தையல் மெசினின் சத்தம் மட்டும் சற்று நேரம் நின்று, பிறகு மீண்டும் கேட்டது. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மாலை அந்தக் கடைக்கு மீண்டும் போனோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அங்கே நடந்ததுதான். கடையில் வேறு இருவரும் நின்றிருந்தார்கள். நான் யோசிக்கவேயில்லை. "4 எண்டு சொல்லி எங்களை ஏமாத்திட்டீங்க" என்றேன். அந்த இளைஞர் கோபப்படவில்லை. நினைவகத்தை வாங்கித் தன் கணினியில் பொருத்தி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 4 கிகாபைட் முழுவதையும் அது காட்டியது. "சாமான் சரி தங்கச்சி. உங்கட மெசின்லதான் ஏதோ இருக்கு" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "உங்கட மெசின்ல நீங்க எதையும் காட்டலாம்தானே" என்று சொல்லிவிட்டேன். நின்றிருந்த இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய முகம் சுருங்கியது. வாப்பா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். வீடு வரும் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிரவு, காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் பிழை என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். கொப்பி ஒன்றை எடுத்து, செய்வதையெல்லாம் வரிசையாக எழுதினேன்.

முதலில் மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடலில் இருக்கும் நிலைமின்னைப் போக்கினேன். நினைவகம் இரண்டையும் கழற்றி, பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். பற்களில் அழுக்குப் படிந்தால் தொடுகை சரியாகக் கிடைக்காது என்று வகுப்பில் படித்திருந்தேன். மீண்டும் பொருத்தினேன். அதே 3.21.

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். அதே 3.21.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பழையது மட்டும் இருந்தபோது, 2.00 இல் பயன்படக்கூடியது 1.89. புதியது மட்டும் இருந்தபோது, 4.00 இல் 3.21. இரண்டும் இருந்தபோது, 6.00 இல் 3.21. இந்த மூன்று வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் முதன்முதலாக எனக்குச் சந்தேகம் திசை மாறியது. 4 இருந்தாலும் 6 இருந்தாலும் ஒரே தொகைதான் வருகிறது. பழுதான பொருள் இப்படி ஒரே இடத்தில் போய் நிற்காது. யாரோ ஒரு கோடு கீறி, "இதற்கு மேல் இல்லை" என்று சொன்னது போல இருந்தது.

அந்தக் கோட்டைத் தேடினேன். விண்டோஸின் தொடக்க அமைப்புகளில், கணினி இவ்வளவு நினைவகத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று மட்டுப்படுத்தும் ஒரு பெட்டி இருக்கிறது. சிலர் தெரியாமல் அதில் அடையாளமிட்டுவிடுவார்கள். எங்கள் கணினியில் அது வெறுமையாகவே இருந்தது. பிறகு கணினியை நிறுத்தி, தொடங்கும்போது டிலீட் விசையை அழுத்தி பயோஸ் பக்கத்துக்குப் போனேன். விண்டோஸ் விழிக்கும் முன்பே இயந்திரம் தன் உறுப்புகளை எண்ணிப் பார்க்கும் இடம் அது. அங்கே 6144 என்று இருந்தது. 6 ஐ 1024 ஆல் பெருக்கினால் 6144 மெகாபைட். ஒன்றும் குறையவில்லை.

ஆக, தாய்ப்பலகைக்கு முழு நினைவகமும் தெரிகிறது. கடையில் விற்ற பொருள் சரியானது. அந்த இளைஞர் சொன்னதும் சரியானது. என் கொப்பியில் நானே எழுதிய சாட்சியம் எனக்கு எதிராக நின்றது. ஆனால் காரணம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இரவு 11 மணி கடந்திருக்கும். உம்மா தையலை முடித்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். உம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கணக்கு மட்டும் நன்றாக வரும். திரையில் இருந்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வரியில 32உம் இருக்கு, 64உம் இருக்கு. ரெண்டுல எது சரி?"

நான் பார்த்தேன். நினைவகத்தின் அளவு எழுதியிருந்த வரியிலிருந்து மூன்று வரி கீழே அது இருந்தது. பணிசெயல் முறைமை 32 பிட், புரொசசர் 64 பிட் என்பதுதான் அந்த வரியின் பொருள். இரண்டு நாளாக நான் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை திறந்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் 3.21 இல் கண் குத்தி நின்றதே தவிர, மூன்று வரி கீழே இறங்கவில்லை. ஆங்கிலம் படித்த நான் காணாததை, எண் மட்டும் படிக்கத் தெரிந்த உம்மா கண்டார்.

துவித எண்களை 10ஆம் தரத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அது பரீட்சைக்கு உரிய விடயம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிரவு அதே கணக்கை உம்மாவுக்காகக் கொப்பியில் போட்டேன். நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும், தெருவில் உள்ள வீடுகளைப் போல, ஓர் இலக்கம் வேண்டும். இலக்கம் இருந்தால்தான் கணினி அங்கே எதையாவது கொண்டுபோய் வைக்கவும் திரும்ப எடுக்கவும் முடியும். ஒரு பிட்டால் 2 இலக்கங்கள் எழுதலாம். இரண்டு பிட்டால் 4. மூன்றால் 8. பத்தால் 1024. இப்படி 32 பிட் வரை இருமடங்காக்கிக்கொண்டே போனால் 4,294,967,296 வரும். அது சரியாக 4 கிகாபைட். எங்கள் விண்டோஸின் கையில் இருந்த இலக்கங்கள் அவ்வளவுதான். ஐந்தாவது கிகாபைட்டுக்கும் ஆறாவதுக்கும் கொடுக்க அதனிடம் இலக்கமே இல்லை.

"அப்ப 4 எண்டாலும் வரணுமே. ஏன் 3.21?" என்றார் உம்மா. தையல் கூலியில் ஒரு ரூபாவும் தவறவிடாதவர் அல்லவா! திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, வலையமைப்புப் பகுதி போன்ற உறுப்புகளோடு பேசுவதற்கும் கணினிக்கு இலக்கங்கள் தேவை. அவையும் அதே 4 கிகாபைட் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. அவை எடுத்தது போக நினைவகத்துக்கு மிஞ்சியது 3.21.

உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"நாங்க கல்பிட்டியில வந்து இறங்கின நேரமும் இப்படித்தான் மகள்."

உம்மாவின் ஊர் மன்னார், எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது 12. வள்ளத்தில் கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்தார்கள். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். அன்றிரவு சொன்னது தெரியாது. அவர்கள் தங்கிய முகாமில் நிவாரணம் கொடுக்கப் பட்டியல் எழுதினார்களாம். இவர்களது குடும்பம் பிந்தி வந்ததால் பெயர் ஏறவில்லை. மற்றவர்கள் அரிசியும் மாவும் வாங்கிக்கொண்டு போவதை, பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "நாங்க அங்கதான் இருந்தோம். எல்லாரும் எங்களைக் கண்டாங்க. இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா பட்டியல்ல இலக்கம் இல்ல. இலக்கம் வரும் வரைக்கும் பக்கத்துக் கூடாரத்து ஆக்கள் தந்ததைத்தான் சாப்பிட்டோம்."

உம்மாவின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றுவிட்டது. 7ஆம் தரம். கணக்குப் பாடத்தில் அவர்தான் வகுப்பில் முதலாவது என்று என் உம்மம்மா உயிரோடு இருந்தபோது சொல்லுவார். நான் அதைப் பழைய பெருமை என்று எண்ணிக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

வாப்பா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப அந்தப் பொடியன் மேல பிழை இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இதை எப்பிடிச் சரி செய்யிறது?" 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்றேன். "அது மெதுவாகச் செய்யலாம். நாளைக்கு முதல்ல கடைக்குப் போவோம்" என்றார்.

மறுநாள் கடை வாசலில் என் கால்கள் பின்வாங்கின. நல்லவேளையாக, இல்லை, நல்லவேளை என்று சொல்லக் கூடாது, கடையில் வேறு யாரும் இருக்கவில்லை. ஆட்கள் இருந்தபோது சொன்ன பழியை, ஆட்கள் இல்லாதபோது திருப்பி எடுப்பது எனக்கு இலேசாக இருந்தது. அது நியாயமில்லை என்பது அப்போதே உறைத்தது. "நானா, பிழை எங்கட மெசின்ல. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றேன். குரல் நடுங்கியது.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "என்ன பிழை?" என்று மட்டும் கேட்டார். கொப்பியைக் காட்டினேன். மூன்று வரிகளையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "32 பிட். நானும் கேட்டிருக்கணும் தங்கச்சி. தாய்ப்பலகைப் பெயரைக் கேட்டேன், இதைக் கேட்கல்ல" என்றார். கணினியைக் கொண்டு வந்தால் காசு வாங்காமலே செய்து தருவதாகவும் சொன்னார். நானே செய்து பார்க்க விரும்புகிறேன் என்றதும், சில எச்சரிக்கைகள் தந்தார். 32 பிட் விண்டோஸை அப்படியே 64 ஆக மாற்ற முடியாது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆகவே, தேவையான கோப்புகளை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அச்சுப்பொறி இருந்தால் அதற்கும் 64 பிட் இயக்கி மென்பொருள் தேவை. முக்கியமாக, புரொசசர் 64 பிட் உடையதாக இருக்க வேண்டும். உம்மா விரல் வைத்த வரியே அதற்குச் சான்று.

முதன்முதலில் 32 பிட்டைப் போட்டவரையும் குறை சொல்ல முடியாது என்று அவர் சொன்னது என் மனதில் பதிந்தது. அன்று அந்தக் கணினியில் 2 கிகாபைட்தான் இருந்தது. 64 பிட் விண்டோஸ் 10 இற்குக் குறைந்தபட்சமே 2 கிகாபைட் தேவை. 32 பிட்டுக்கு 1 போதும். ஆகவே அன்றைய அளவுக்கு அது பொருத்தமான தெரிவுதான். நினைவகம் வளர்ந்த பிறகும் அன்றைய எல்லையை யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் பிழை.

ஆசிரியையின் அனுமதியோடு பாடசாலைக் கணினிக்கூடத்தில் 64 பிட் விண்டோஸை 8 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் தயார்செய்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையைத் தொடங்கினேன். என் பாடக் கோப்புகள், பாமினி எழுத்துரு, உம்மம்மாவின் கடைசிப் பெருநாள் புகைப்படங்கள் எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து, அவை திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழிக்கட்டுமா என்று கணினி கேட்டபோது கை தயங்கியது. புகைப்படங்களை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆம் என்று அழுத்தினேன்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது புதிய திரை விழித்திருந்தது. வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். விபரப் பக்கத்தைத் திறந்தேன். 6.00 ஜி.பி., பயன்படுத்தக்கூடியது 5.89 ஜி.பி. பைத்தன், தரவுத்தளம், இணையப் பக்கம் மூன்றையும் ஒன்றாகத் திறந்தேன். சுட்டி தடையின்றி ஓடியது. வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

உம்மா மட்டும் கொப்பியைக் கேட்டு வாங்கினார். பழைய வரிகளைப் பார்த்தார்.

"இப்பவும் 0.11 குறையுது. முதல்ல 2 இருந்த நேரமும் 1.89தான். அதுலயும் 0.11தான் குறைஞ்சிருக்கு. அது எங்க போகுது?"

நான் வியந்துபோனேன். அந்த ஒற்றுமை என் கண்ணில் படவேயில்லை. எங்கள் கணினியில் திரைக்கென்று தனி நினைவகம் கிடையாது. ஆகவே படம் காட்டும் பகுதி பொது நினைவகத்திலிருந்து ஒரு பங்கைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது. எவ்வளவு நினைவகம் இருந்தாலும் அந்தப் பங்கு மாறவில்லை. அதைச் சொன்னதும், "அது சரி, அது அதிட பங்கு" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார்.

அந்தக் கொப்பியின் அடுத்த பக்கத்தை நான் உம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் கணினி அவருடையது. தையல் கூலிக் கணக்கை விரிதாளில் போடப் பழகுகிறார். துணி, நூல், பொத்தான், கூலி என்று நிரல்கள் கீறி, கூட்டுத்தொகை தானாக வருமாறு சூத்திரம் எழுதக் காட்டிக் கொடுத்தேன். சூத்திரத்தை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. கணினி சொன்ன தொகையை மனக்கணக்கால் ஒரு தடவை சரிபார்த்த பிறகுதான் அடுத்த வரிக்கு இறங்குகிறார்.